பல்பு ப்ராஜெக்ட்: யாரிடம் என்ன கேட்டோம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கிடைத்த தலைப்பு 'மின்விளக்குகள்'. அவ்வளவுதான். மின்விளக்கில் எதை, எதற்கு, எப்படி என்று ஒன்றும் கிடையாது. இப்படித் தலைப்பு கொடுத்தால் என்ன வந்து நிற்கும் என்பது கண்காட்சி பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெர்மாகோல் பலகை, நடுவில் எடிசன் படம், பக்கத்தில் 1879 என்று கொட்டை எழுத்து, சுற்றிலும் சீரியல் செட். நாலு மேசைக்கு ஒரு எடிசன் உட்கார்ந்திருப்பார்.

பாப்பாவுக்கு எடிசனில் ஆர்வமில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "மாமா, எந்த பல்பு நல்ல பல்பு?" எனக்குத் தெரிந்த மின்சாரம் ஃப்யூஸ் போடுவதோடு முடிந்துவிடும். அதனால் தெரிந்தவர்களைத் தேடிப் போனோம். யாரிடம் எதைக் கேட்டோம், அவர்கள் சொன்னதை வீட்டில் எப்படிச் செய்து பார்த்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி தலைப்போடு இன்னொரு பிள்ளை எங்காவது உட்கார்ந்திருக்கும்.

முதலில் போனது கோவில்பட்டியில் எங்கள் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடை. மோட்டார் வைண்டிங் முதல் எல்இடி பல்பு ரிப்பேர் வரை பார்க்கிற அண்ணாச்சி. பாப்பா தன் கேள்வியைச் சொன்னதும் அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தாமலே திருப்பிக் கேட்டார். "நல்ல பல்புன்னா என்னம்மா? வெளிச்சம் நல்லா வரணுமா, பில்லு கம்மியா வரணுமா, ரொம்ப நாள் உழைக்கணுமா, வெல கம்மியா இருக்கணுமா? ஒண்ணச் சொல்லு."

அவள் யோசித்துச் சொன்னாள்: "ஒரே கரண்டுக்கு எது அதிக வெளிச்சம் தருது?"

"அப்ப ரெண்டு அளக்கணும். கரண்ட அளக்க நான் சொல்லித் தாரேன். வெளிச்சத்த அளக்க எனக்குத் தெரியாது, வேற ஆளப் பாரு."

எனக்கு அண்ணாச்சியைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். தெரிந்தது இதுவரை, தெரியாதது இது என்று கோடு போட்டுச் சொல்கிறவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கரண்ட் அளக்க அவர் சொன்ன கருவி ஏற்கெனவே எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது: மின்வாரிய மீட்டர். அதில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால், ஒரு யூனிட் ஓடுவதற்குள் 3200 தடவை சிமிட்டும் என்று அர்த்தம். சில மீட்டர்களில் 1600 இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பல்பை எரியவிட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பார்த்தால் போதும். 3200 மீட்டர் என்றால் 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். இந்த 1125 எங்கிருந்து வந்தது என்பதை அண்ணாச்சி சொல்லவில்லை. "அத நீயே போட்டுப் பாரு" என்று விட்டுவிட்டார். ஒரு யூனிட் என்பது 1000 வாட் 3600 விநாடி ஓடுவது. இரண்டையும் பெருக்கி 3200-ஆல் வகுத்துப் பாப்பாவே கண்டுபிடித்தாள்.

மெயினைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்தோம். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், வைஃபை எல்லாவற்றின் பிளக்கையும் உருவினோம். மீட்டர் விளக்கு அசராமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டால், "இன்வெர்ட்டர் பிளக்கப் புடுங்குனியளா?" என்றார். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் உருவியதும் விளக்கு அடங்கியது.

60 வாட் குண்டு பல்பு 19 விநாடிக்கு ஒரு சிமிட்டல். 9 வாட் எல்இடி இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் அட்டையில் போட்டிருப்பதோடு ஒத்துப்போயின. விஷயம் மூன்றாவதில் இருந்தது. பூஜையறையில் சிவப்பு 'ஜீரோ வாட்' பல்பு ஒன்று இருக்கிறது, பழைய கம்பி பல்பு. சும்மா அதையும் போட்டுப் பார்க்கலாம் என்றாள். 80 விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 14 வாட்! வீடு முழுக்க வெளிச்சம் தரும் எல்இடி 9 வாட், சாமி படத்தைக் கூட முழுதாகக் காட்டாத ஜீரோ வாட் 14.

மறுபடி அண்ணாச்சியிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "பன்னெண்டு பதினஞ்சு வாட் இழுக்கும்மா அது. அந்தக் காலத்துச் சக்கர மீட்டர்ல இவ்வளவு கம்மியான லோடுக்குச் சக்கரம் சுத்தாது. பில்லுல வராது. அதனால ஜீரோன்னு பேரு." இப்போது வரும் அரை வாட் எல்இடி இரவு விளக்கு வேறு சங்கதி. ஆனால் பழைய சிவப்பு பல்பு இன்னும் எத்தனையோ வீட்டுப் பூஜையறையில் இரவும் பகலும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. விடாமல் எரிந்தால் மாதத்துக்குப் பத்து யூனிட். ப்ராஜெக்டின் நடுப்பக்கம் இதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

சோதனைப் பலகையை அண்ணாச்சியே செய்து தந்தார், ஒரு நிபந்தனையோடு. வயரில் பாப்பா கை வைக்கக் கூடாது. மரப்பலகையில் பேட்டன் ஹோல்டர், அதற்குத் தனி சுவிட்ச், மூன்று முள் பிளக், திறந்த இணைப்பு எங்கும் கிடையாது. பல்பை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவ வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று கேட்டு, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் பலகையைக் கையில் கொடுத்தார். சிஎஃப்எல் பல்பு கீழே விழுந்து உடைந்தால் கையால் கூட்டாதே, உள்ளே கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வா என்றும் சொல்லி அனுப்பினார்.

சரி, கரண்ட் ஆயிற்று. வெளிச்சம்?

செல்போனில் வெளிச்சம் அளக்கும் ஆப்கள் இருக்கின்றன. என் போனில் ஒரு எண், அக்கா போனில் அதே இடத்தில் வேறு எண். அண்ணாச்சி கைகாட்டியது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு சாரை. அவர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல வர்ற நம்பர் சரியாவே இருக்கலாம். ஏன் சரின்னு கேட்டா இவளால சொல்ல முடியாதே" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு அவர் கேட்டது ஒரு வெள்ளைத் தாளும் மெழுகுவத்தியும்.

மெழுகை உருக்கித் தாளின் நடுவே ஒரு சொட்டு. ஆறியதும் மேலே படிந்ததைச் சுரண்டிவிட்டு, இரண்டு பழைய தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு அழுத்து. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒளி ஊடுருவும் பொட்டு கிடைத்தது. தேங்காய் எண்ணெயிலும் வரும், ஆனால் எண்ணெய் நேரம் ஆக ஆகப் பரவிக்கொண்டே போகும், மெழுகு நின்ற இடத்தில் நிற்கும். இந்தத் தாளை இரண்டு பல்புகளுக்கு நடுவே நிறுத்த வேண்டும். நாம் இருக்கும் பக்கம் வெளிச்சம் அதிகம் என்றால் பொட்டு கறுப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கம் அதிகம் என்றால் பொட்டு பளிச்சென்று தெரியும். இரண்டு பக்கமும் சமமானால் பொட்டு மறைந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் புன்சன் செய்த ஒளிமானி இது. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் புன்சன் பர்னர் அவர் பெயரில் வந்ததுதான். பொட்டு மறைந்த இடத்திலிருந்து இரண்டு பல்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால் ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு என்பது வந்துவிடும்.

இதற்கு இருட்டறை வேண்டும். அறை இருட்டாக இருந்தால் மட்டும் போதாது, வெள்ளைச் சுவர் பல்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கக் கூடாது. மாலை போட்டிருந்தபோது கட்டிய கறுப்பு வேட்டிகள் அத்தான் பீரோவில் மடித்துக் கிடந்தன. அனுமதி கேட்டு எடுத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் சார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். குண்டு பல்பு மஞ்சள், கூல் டேலைட் எல்இடி நீலம் கலந்த வெள்ளை. இந்த இரண்டையும் வைத்தால் பொட்டு எந்த இடத்திலும் முழுதாக மறையாது, ஒரு ஓரம் மஞ்சளாகவும் ஒரு ஓரம் நீலமாகவும் நின்று குழப்பும். ஆகவே வார்ம் ஒயிட் எல்இடி வாங்கச் சொன்னார். கேட்காமல் போயிருந்தால் வீட்டில் கிடந்த கூல் டேலைட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் பொட்டைத் தேடியிருப்போம்.

பல்புகளுக்கு நடுவே 200 செ.மீ. குண்டு பல்பு ஒரு முனையில் நிலையாக. மறுமுனையில் 9 வாட் எல்இடி, முகம் தாளைப் பார்த்து. பொட்டு மறைந்தது எல்இடியிலிருந்து 130 செ.மீ., குண்டு பல்பிலிருந்து 70. வர்க்கம் எடுத்து வகுத்தால் கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு. பாப்பா குதித்தாள். சார் குதிக்கவில்லை. "பல்பைப் பக்கவாட்டுல திருப்பி வை" என்றார். வைத்தோம். பொட்டு ஏறக்குறைய நட்ட நடுவில் மறைந்தது. அதாவது இரண்டும் சமம். பின்பக்கமாகத் திருப்பினால் எல்இடியிடமிருந்து ஒன்றுமே வரவில்லை.

குண்டு பல்பு ஹோல்டர் பக்கம் தவிர எல்லாத் திசையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கொடுக்கும். எல்இடி பல்பு முகத்துக்கு நேரே அள்ளிக் கொட்டும், முதுகுப்பக்கம் கைவிரிக்கும். நேரே மட்டும் அளந்தால் அதன் பெருமை கூடிவிடும். ஆகவே 30 டிகிரிக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி அளக்க வேண்டும். அப்புறம் சராசரி எடுத்துவிடலாமா? அதுவும் கூடாதாம். சார் சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, பால்பாயிண்ட் பேனாவால் அதைச் சுற்றி வட்டங்கள் போட்டார். காம்பைச் சுற்றி ஒரு சின்னத் தொப்பி, அதற்கு அடுத்து ஒரு பட்டை, நடு இடுப்பில் ஒரு பட்டை, மறுபடி சிறுத்துக்கொண்டே போய் அடியில் இன்னொரு தொப்பி. "பல்பு இதுக்கு நடுவுல இருக்குன்னு வச்சுக்க. நேர் எதிர்ல அளந்தது இந்தத் தொப்பிக்கு மட்டும்தான். பக்கவாட்டுல அளந்தது இந்த இடுப்புப் பட்டை முழுசுக்கும். எதுல தோல் அதிகம்?" கணக்குப் போட்டால் நடுப்பட்டையின் பரப்பு தொப்பியைப் போல 15 மடங்கு. ஆகவே பக்கவாட்டு அளவுக்கு எடை அதிகம், நேர் அளவுக்கு மிகக் குறைவு. ஒவ்வொரு பட்டைக்கும் எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று ஒரு சிறிய அட்டவணை எழுதிக் கொடுத்தார். பெருக்கிக் கூட்டினால் மூன்றரை மடங்கு சுருங்கி 1.3 மடங்காக வந்து நின்றது. அட்டைப்பெட்டியில் எல்இடிக்கு 900 லூமன் என்று போட்டிருந்தது. லூமன் என்பது பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு. 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் சொச்சம் தரும். மெழுகுப் பொட்டும் பழைய வேட்டியும் வைத்து இவ்வளவு நெருங்கியதில் சாருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

வெளிச்சம் 1.3 மடங்கு, கரண்ட் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. ஒரு வாட்டுக்கு என்று பார்த்தால் எல்இடி எட்டரை மடங்கு.

இடையில் ஒரு நாள் அளவுகள் சண்டை போட்டன. காலையில் எடுத்ததும் மாலை ஏழு மணிக்கு எடுத்ததும் ஒத்துவரவில்லை. இதை அவிழ்த்தது சார் அல்ல, அண்ணாச்சி. மல்டிமீட்டரோடு வந்தார். காலையில் 230 சுற்றி இருந்த வோல்டேஜ், தெருவே விளக்கும் மோட்டாரும் போட்ட நேரத்தில் 205. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட் இதைச் சமாளித்துக்கொள்ளும், குண்டு பல்பால் முடியாது. அதன் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 அடுக்கில் ஏறி இறங்கும் என்று சார் பிறகு விளக்கினார். 230 இருக்க வேண்டிய இடத்தில் 205 என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். நாங்கள் அளவுகோலாக நிறுத்தி வைத்திருந்ததே குண்டு பல்புதான். அதன் பிறகு ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் வோல்டேஜ் எழுத நோட்டில் ஒரு கட்டம் சேர்ந்தது.

மூன்றாவது ஆளை நேரில் பார்க்கவே இல்லை. அண்ணாச்சி மல்டிமீட்டரை விட்டுப் போயிருந்தார். பாப்பா எரியாத குண்டு பல்பின் மின்தடையை அளந்தாள். 66 ஓம். அக்கம்பக்கத்துப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எட்டிப் பார்த்திருந்ததால் 230-ஐ வர்க்கப்படுத்தி 66-ஆல் வகுத்தாள். 800 வாட்! இதை மதுரையில் ஒரு கல்லூரி இயற்பியல் துறைக்கு எழுதிக் கேட்கலாம் என்றார் சார்.

அவள் முதலில் எழுதிய மின்னஞ்சல் தமிழ்த் தேர்வில் வரும் கடிதம் போல இருந்தது. அறிவியலின் பயன்கள், நாட்டின் முன்னேற்றம், 'மின்விளக்குகள் பற்றிய தகவல்களைத் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்'. இதற்குப் பதில் எழுத ஒரு புத்தகம் வேண்டும். வேலை இருக்கிற மனுஷர் என்ன செய்வார்? அனுப்புவதற்கு முன் சார் பேனாவால் பெரும்பகுதியை அடித்தார். கடைசியில் போனது இதுதான்:

"ஐயா, நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. 60 வாட் குண்டு பல்பை எரியாதபோது அளந்தால் 66 ஓம் வருகிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் 800 வாட் வருகிறது. ஆனால் வீட்டு மீட்டரில் அளந்தால் 60 வாட்தான். சூடாகும்போது மின்தடை கூடுவதுதான் காரணமா? அப்படியானால் பல்புக்குள் இருக்கும் வெப்பநிலையை இதிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா? என் அளவுகளின் படத்தை இணைத்திருக்கிறேன்."

பேராசிரியர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. காரணம் அதுதான், முடியும் என்று இரண்டு வரி. எரியும்போது 882 ஓம், எரியாதபோது 66, ஆக 13.4 மடங்கு. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் கம்பியின் மின்தடை கெல்வின் வெப்பநிலையின் ஏறக்குறைய 1.2 அடுக்கில் கூடும், மீதியை நீயே போடு என்று விட்டிருந்தார். போட்டால் வெப்பநிலை 8.7 மடங்கு, அறை வெப்பம் 300 கெல்வின் என்றால் உள்ளே 2600 கெல்வின். பல்பை உடைக்காமல், தொடாமல், வெறும் மல்டிமீட்டரில்! சுவிட்ச் போட்ட அந்த நொடியில்தான் குண்டு பல்பு பட்டென்று போகும், கவனித்திருக்கிறாயா என்றும் கேட்டிருந்தார். குளிர்ந்த கம்பி அந்தக் கணம் பத்து மடங்குக்கும் மேல் கரண்ட் இழுக்கிறது.

கடைசி வரியில் பேராசிரியர் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டிருந்தார். டங்ஸ்டன் 3695 கெல்வினில் உருகிவிடும். கூல் டேலைட் எல்இடி பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கிறதே, எப்படி? அது பல்பின் சூடு இல்லை, அந்த நிறத்தில் ஒளிரும் சூடான பொருள் ஒன்று இருந்தால் அதற்கு இருக்கும் சூடு. எல்இடி சூட்டால் ஒளிர்வதே இல்லை. நீல ஒளி தரும் சில்லு, மேலே மஞ்சள் ஒளி தரும் பூச்சு, இரண்டும் சேர்ந்து வெள்ளை. அந்த நீலச் சில்லுக்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல். பழைய சிடி ஒன்றைச் சாய்த்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: குண்டு பல்பில் விட்டுப்போகாத வானவில், எல்இடியில் நீலத்துக்கு அடுத்து ஒரு மங்கல், சிஎஃப்எல்லில் தனித்தனி வண்ணக் கோடுகள். கண்காட்சியில் கூட்டம் சேர்ந்தது இந்தச் சிடிக்குத்தான்.

பள்ளி ஹால் பகல் வெளிச்சத்தில் இருக்கும் என்பதால், டிவி வந்த அட்டைப்பெட்டியின் உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி ஒரு மீட்டர் நீளத்தில் சின்ன ஒளிமானி செய்துகொண்டு போனாள். நடுவரின் முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான்: "இதெல்லாம் யார் செஞ்சு கொடுத்தது?" அவள் நோட்டை நீட்டினாள். சார் சொல்லி ஆரம்பத்திலிருந்தே அதில் 'யார் சொன்னது' என்று ஒரு கட்டம் இருந்தது. மீட்டர் முறை அண்ணாச்சி. மெழுகுப் பொட்டு, எலுமிச்சம்பழம் சார். 1.2 அடுக்கு பேராசிரியர். பலகை அண்ணாச்சி கை வேலை. ஜீரோ வாட் பல்பை மீட்டரில் போட்டது, 66 ஓம் அளந்தது, 800 வாட் ஏன் என்று கேட்டது மூன்றும் அவள். நடுவர் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு தன் வீட்டிலும் சிவப்பு பல்பு ஒன்று எரிகிறது என்றார்.

டியூப் லைட் இன்னும் பாக்கி. அதை ஏன் விட்டாய் என்று அண்ணாச்சிக்கு ஒரே குறை, கடையில் சோக் வைத்த பழைய பட்டி சும்மாதானே கிடக்கிறது என்கிறார். தூரத்தின் வர்க்கக் கணக்கு சரியாக வர, விளக்கின் நீளத்தைப் போல ஐந்து மடங்காவது தள்ளி நிற்க வேண்டும் என்பது சாரின் பதில். நாலடி டியூபுக்கு இருபதடி. எங்கள் வீட்டில் எந்த அறையும் அவ்வளவு நீளம் கிடையாது. பள்ளித் தாழ்வாரம் போதும், ஆனால் இருட்டிய பிறகு திறந்துவிட வேண்டும். தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறாள், ஐந்தே வரியில்.